மூட வேண்டியது பியானோவை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கோ, வீட்டில பூனையும் பியானோவும் இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கோ.

இந்த இரண்டு மாசத்துக்குள்ள மூன்று பேர் எங்களிடம் "ரீச்சர், பூனை ஒன்று இருக்கு, எடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான். வீட்டுக்குப் பியானோ வந்திட்டுது. ஒருவருக்கு ரொரன்ரோவில இருக்கிற மாமா அனுப்பிய டிஜிட்டல் பியானோ. இன்னொருவர் பிள்ளையின் சோதனைக்காகக் கடனெடுத்து கீபோட் வாங்கியவர். மூன்றாமவர் கொழும்பில பழைய பியானோ ஒன்று மலிவாகக் கிடைத்து லொறியில் ஏற்றி வந்திருக்கிறார். பூனை மேல ஏறுது, மயிர் கொட்டுது, நகத்தால கீறுது, மூத்திரம் பெய்தால் எல்லாம் போச்சு. ஆகவே பூனையை அனுப்பிவிட வேணும்.

எங்களிடம் கேட்டவர்கள் நல்லவர்கள். கேட்காதவர்கள்தான் அதிகம். உரப்பையில் போட்டுக் கட்டி, இருட்டின பிறகு சந்தையடியிலோ, கோயில் வீதியிலோ, பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னாலோ விட்டுவிட்டு வருகிறவர்கள். பண்ணைப் பாலம் தாண்டி விட்டால் திரும்பி வராது என்று ஒரு கணக்கும் இருக்கிறது. பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் விடப்படுகிற குட்டிகளை அடுத்த நாள் காலையில் பார்க்கிறவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்களும் எங்கட பிள்ளையளும்தான். "ரீச்சர், இதின்ர அம்மா எங்க?" என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்லுவது?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளுவோம். பூனையால் பியானோவுக்குக் கெடுதல் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. மரப் பியானோ ஒன்றில் 88 கட்டைகள், உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட உருக்குக் கம்பிகள். அடித்தொனிக் கம்பிகளுக்கு மேல் செம்பு சுற்றியிருக்கும். கம்பியை அடிக்கிற சுத்தியலின் தலை, ஒலியை நிறுத்துகிற தடுப்பு, கட்டைக்குக் கீழே இருக்கிற வட்டங்கள் எல்லாம் கம்பளி அமுக்கிச் செய்தவை. பூனையின் மூத்திரம் அந்தக் கம்பளியில் ஊறினால் நாற்றம் போகாது. கம்பியில் பட்டால் கறள் பிடிக்கும். கீபோட்டில் வேறு பிரச்சினை. கட்டைகளுக்குக் கீழே றப்பர் தொடுகைகள் இருக்கின்றன. மயிரும் தூசியும் அதற்குள் போனால் ஒரு கட்டை சத்தம் போடாது, அல்லது அமத்தினால் ஒரேயடியாகக் கத்தும். (எங்கட அவதானிப்பில் கீபோட்டுக்குள் அதிகம் போவது பூனை மயிர் இல்லை, பிள்ளையள் ஊற்றுகிற பால்தேத்தண்ணி. அதற்காகப் பிள்ளையளை யாரும் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதில்லை.)

ஆனால் மரப் பியானோவுக்குப் பூனையைவிடப் பெரிய எதிரிகள் எங்கட ஊரில் இருக்கிறார்கள். ஒன்று எலி. பியானோவின் உட்புறம் இருட்டு, காய்ஞ்ச மரம், மெத்தென்ற கம்பளி. எலிக்கு இதைவிட நல்ல வீடு உண்டா? கம்பளியைக் கடித்துப் பிய்த்துக் கூடு கட்டிக் குட்டி போட்டுவிடும். இரண்டாவது கறையான். மூன்றாவது, ஒக்டோபரில் தொடங்கி மார்கழி வரைக்கும் அடிக்கிற மாரி ஈரமும் வருசம் முழுக்க வருகிற உப்புக் காற்றும். இவற்றில் முதலாவது எதிரியைப் பிடிக்க எங்கட வீட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்வது யார்? பியானோவைக் காப்பாற்றப் பூனையைத் துரத்துகிறவர், பியானோவுக்குள் எலியைக் குடிவைக்கிறார். டொம் அண்ட் ஜெரியில் 1947இல் வெளிவந்த பியானோக் கதையைப் பார்க்காத பிள்ளை இல்லை. ஒஸ்கார் பரிசு வாங்கிய படம் அது. பூனை கோட் போட்டுக்கொண்டு லிஸ்ட்டின் இசையை வாசிக்கும். பியானோவுக்குள் படுத்திருப்பது யார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கோ.

இந்த மண்ணில் பியானோ நேற்று வந்த சாமான் இல்லை. அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். அந்த வழிவந்த பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் பியானோவும் ஓர்கனும் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டன. அங்கே படித்தவர்களின் வீடுகளுக்கும் ஒன்றிரண்டு வந்து சேர்ந்தன.

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்டார்கள். எங்கட குடும்பங்கள் போனது அப்படித்தான். சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை, இருட்டு, இலட்சக்கணக்கான சனம். அந்த இரண்டு நாளிலும் பூட்டின வீடுகளில் பியானோவும் நின்றது, பூனையும் நின்றது. உம்மா இன்றைக்கும் விட்டுவிட்டு வந்த அலுமாரியைப் பற்றிக் கதைக்கமாட்டா. குசினி வாசலில் நின்ற பூனையைப் பற்றித்தான் கதைப்பா. வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து திரும்பி வந்த மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னது இன்னொன்று. அவவின் வீட்டுப் பியானோவுக்குள் எலிக்கூடு நிறைந்திருந்ததாம். பின் பலகையைக் கறையான் தின்றிருந்ததாம். பூனை இல்லாத வீட்டில் பியானோ எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி.

மனிசரையும் பூனையையும் ஒரு தராசில் வைக்கிறோம் என்று யாரும் கோபிக்க வேண்டாம். வைக்கவில்லை. ஆனால் வாழ்ந்த வீட்டை விட்டு ஒரு உயிரை ஒரு இரவுக்குள் கொண்டுபோய் வேறெங்கோ இறக்கிவிடுவது எப்படிப்பட்ட விசயம் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இப்ப எங்கட ஆக்களுக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் வீட்டில பியானோவா என்று கேட்கத் துடிக்கிறவர்களே, அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுவோம், கொமென்ட்டில் வேண்டாம். பூனை விசயத்தில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது தெளிவு. அபூ கதாதா (ரழி) அவர்கள் தாம் வுழூ செய்ய வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சரித்துக் கொடுத்ததும், பூனை அசுத்தமானதில்லை, உங்களைச் சுற்றித் திரியும் பிராணி அது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அறிவித்ததும் அபூ தாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. பூனையை அடைத்து வைத்து, தீனும் போடாமல், தானாகத் தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண்ணின் கதி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சட்டைக் கையை வெட்டிய கதையை நாங்கள் வகுப்பில் சொல்லுவதில்லை. அது ஹதீஸ் நூல்களில் இல்லாதது. இருக்கிறதே போதும்.

அந்த இரண்டாவது ஹதீஸை நினைத்துத்தான் சொல்லுகிறோம், பியானோவுக்காகப் பூனையைக் கூட்டில் அடைத்து வைக்கிறவர்களும் யோசிக்க வேணும். கதவு இருப்பது பியானோ அறைக்கு. அதைச் சாத்தினால் முடிந்தது. தனி அறை இல்லாத வீடுதான் எங்கட வீடுகளில் அதிகம், அது தெரியும். விறாந்தையில், ஹோலில், படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் பியானோ நிற்கும். அப்ப என்ன செய்யலாம்?

இணுவில், அளவெட்டிப் பக்கம் போய்ப் பாருங்கோ. தவில் என்பது தோல். பூனைக்கும் எலிக்கும் அதைவிட ஆசையான சாமான் கிடையாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்துப் பூசுவார்கள், அது இன்னும் ருசி. அந்தத் தெருக்களில் பூனையும் குறைவில்லை. ஆனாலும் வாசித்து முடித்ததும் ரவையைச் சுரண்டி எடுத்து, துடைத்து, உறை போட்டு, உயரத்தில் வைத்துவிட்டுத்தான் அவர்கள் படுப்பார்கள். வாத்தியத்தைப் பார்த்துக்கொள்ளுவது வாசிக்கிறவரின் வேலை என்று சின்ன வயதிலேயே பழக்கப்பட்டவர்கள். பியானோ வாங்கித் தருகிற நாங்கள் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை ஏன் வாங்கித் தருவதில்லை? வாசித்தால் மூடு. மூடியதற்கு மேல் தடித்த துணி போடு. இவ்வளவும் அரை நிமிச வேலை. வகுப்பில் கரும்பலகை அழிக்கிற முறையை வைத்தே ஒரு பிள்ளையை எடைபோடுகிற ஆட்கள் நாங்கள், இதைச் சும்மா விடமாட்டோம்.

பூனை ஏன் பியானோவில் ஏறுகிறது என்றும் பார்க்க வேணும். அதற்கு உயரம் பிடிக்கும், சூடு பிடிக்கும், நீங்கள் இருந்த இடம் பிடிக்கும். ஒரு நாளில் பாதிக்கு மேல் நித்திரை கொள்ளுகிற பிராணி, நித்திரைக்கு நல்ல இடம் தேடத்தானே செய்யும். பக்கத்தில் இன்னும் உயரமான ஒரு இடம் கொடுங்கோ. அலுமாரிக்கு மேலே ஒரு காட்போட் பெட்டி, உள்ளே பழைய சாரம் ஒன்று. யன்னலோரமாக இருந்தால் இன்னும் நல்லது. பியானோ முக்காலியை வாசித்த பிறகு தள்ளி வைத்துவிடுங்கோ. பூனைக்கு அதுதான் படிக்கட்டு. பியானோவுக்கு மேல் பூச்சாடி, படச் சட்டம், லேஸ் துணி என்று அடுக்காதீர்கள். பூனை பாய்ந்து சாடி கவிழ்ந்து தண்ணி உள்ளே போனால், அந்தப் பழி பூனைக்கா சாடி வைத்தவருக்கா?

தோடம்பழத் தோல், எலுமிச்சந் தோல் வாசனை பூனைக்குப் பிடிக்காது. பக்கத்தில் ஒரு தட்டில் வைக்கலாம். மூடிக்கு மேல் அலுமினியத் தாள் விரித்தால் கால் வைக்கத் தயங்கும். சில நாளில் மறந்துபோகும். ஆனால் தயவுசெய்து நப்தலீன் உருண்டை வேண்டாம். பியானோவுக்குள் அந்த உருண்டை போடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பூனைக்கு அது நஞ்சு. எண்ணெய் வாசனைத் திரவங்களும் பீனைல் வகைகளும் அப்படித்தான். நாங்கள் தாங்குவதைப் பூனையின் ஈரல் உடைத்து வெளியேற்றாது. மிளகாய்த்தூள் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி எழுதவே கை கூசுது.

மூத்திரப் பிரச்சினைக்கு அடியும் ஏச்சும் மருந்தில்லை. கடுவன் பூனை மூலைக்கு மூலை பீச்சுவது எல்லை குறிப்பதற்கு. மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஐந்தாறு மாசக் குட்டிக்கே செய்யலாம். பெட்டைப் பூனைக்கும் செய்யுங்கோ. இரண்டு மாசம் சினை, வருசத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. உரப்பைக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று இப்ப விளங்கும். வீட்டுக்குள் மணல் பெட்டி வையுங்கோ. மணலுக்குத் தட்டுப்பாடான ஊரா எங்கட ஊர்? திடீரென்று வேறிடத்தில் மூத்திரம் பெய்யத் தொடங்கினால் அது நோயாகவும் இருக்கலாம், வைத்தியரிடம் காட்ட வேணும். பெய்த இடத்தை அமோனியா சேர்ந்த திரவத்தால் கழுவ வேண்டாம். அந்த மணம் பூனைக்கு "இது என்ர இடம்" என்று திரும்பச் சொல்லும்.

வெளியுலகத்தில் இந்த இரண்டு பேரின் உறவும் சுவாரசியமானது. 1685இல் பிறந்த ஸ்கார்லாட்டி என்ற இத்தாலிய இசைமேதையின் ஒரு ஆக்கத்துக்குப் "பூனையின் பியூக்" என்று பெயர். அவருடைய பூனை கட்டைகளில் நடந்த சத்தத்திலிருந்து பிறந்ததாம். பெயரும் கதையும் பின்னாளில் ஒட்டியவை, ஆனால் இசை நல்ல இசை. 2007இல் நோரா என்ற சாம்பல் நிறப் பூனை அமெரிக்காவில் ஒரு பியானோ ஆசிரியையின் வீட்டில் முன்னங்காலால் கட்டைகளைத் தட்டுகிற வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. லித்துவேனியாவின் பியேச்சாய்ட்டிஸ் என்ற இசைநடத்துநர் அந்த வீடியோவை வைத்தே 2009இல் வாத்தியக் குழுவுக்கு ஒரு ஆக்கம் எழுதினார். அந்த நோரா, கைவிடப்பட்ட பிராணிகளின் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது.

"சொல்லுறது லேசு ரீச்சர், இரண்டு இலட்சம் ரூபாச் சாமான்" என்பார்கள். விளங்குது. மரப் பியானோவுக்குச் சுருதி கூட்ட ஆளைக் கொழும்பிலிருந்து கூப்பிட்ட வீடு ஒன்று எங்களுக்குத் தெரியும். அந்தச் செலவு எங்கட சம்பளத்துக்கு நினைத்துப் பார்க்க முடியாதது. அதனால்தான் மூடச் சொல்லுகிறோம். மூடின பியானோவைத் தூசியும் தேத்தண்ணியும் சேர்ந்தே தொடாது. பூனையை அனுப்பினால் பூனை மட்டும்தான் போகும்.

மூடி இல்லாமல் வருகிற மெலிஞ்ச கீபோட்டுக்கு என்ன செய்வது என்று இன்பொக்ஸில் ஏற்கனவே ஒருவர் கேட்டிருக்கிறார். தச்சரிடம் சொல்லி மெல்லிய பலகையில் ஒரு கவிழ்ப்புப் பெட்டி அடியுங்கோ, கீபோட்டை விட இரண்டு அங்குலம் நீளமாகவும் அகலமாகவும். மேற்பலகையைச் சற்றுச் சரிவாக வைக்கச் சொல்லுங்கோ. சரிவில் பூனை படுக்காது.