பிளக் பொருந்தினால் போதுமா?

கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாள், கலியாண வீட்டண்டு விடியக்காலமை தன்ர ஹெயார் ஸ்ட்ரெயிற்னரை எங்கட வீட்டுச் சொக்கற்றில் மாட்டினாள். ஒரு நிமிசம்கூட ஆகேல்லை. பிளாஸ்டிக் கருகுகிற மணம், பிறகு ஒரு 'டப்'. நல்லகாலம், இன்னும் தலைமயிரில் வைக்கவில்லை. பெரியப்பா உடனே சொன்னார்: "பெட்டையளுக்கு உந்தக் கரண்ட் விசயம் விளங்காது." அந்த அடப்டரைக் கடையில் வாங்கி வந்து தந்ததே அவர்தான்.

கடைக்காரர் அதைக் 'கன்வேட்டர்' எண்டு சொல்லித்தான் வித்தவராம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அடப்டர் முள்ளை மட்டும்தான் மாத்தும், வோல்ற்றளவை மாத்தாது. கனடாவில் 120 வோல்ற், இலங்கையில் 230. கிட்டத்தட்ட இரண்டு மடங்குதானே எண்டு நினைக்கலாம். ஆனால் சூடாகும் கம்பியின் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு கூடும். அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். ஓ/எல் விஞ்ஞானத்தில் பாடமாக்கி எழுதின சமன்பாடு, மச்சாளின்ர கையில் வந்து வெடித்தது. எங்கட 230 வோல்ற் டிரையரை அங்கே கொண்டுபோனால் வெடிக்காது, ஆனால் கால்வாசி வலுவில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

எங்களை ஏமாத்துவது ஃபோன் சார்ஜர். அது 100 முதல் 240 வோல்ற் வரை எதையும் தாங்கும். அதால பிளக் பொருந்தினால் எல்லாம் சரி எண்டு பழகிப்போனோம். ஸ்ட்ரெயிற்னரிலும் அப்படித் தாங்கக்கூடியவை கன இருக்கு. சில பயண டிரையர்களில் காசுக் குத்தியால் திருப்புகிற சின்னச் சுவிச் இருக்கும். அதைத் திருப்ப மறந்தாலும் கதை முடிஞ்சுது. உண்மையான கன்வேட்டர் வாங்கலாம்தான். ஆனால் கைக்கு அடக்கமான மலிவானவை வெறும் சூட்டுக் கம்பிக்கே சரி, வெப்பநிலையை எண்ணில் காட்டுகிற இலக்ரோனிக் ஸ்ட்ரெயிற்னரைப் பழுதாக்கிவிடும். பெரிய ட்ரான்ஸ்ஃபோமரோ, சூட்கேஸில் கொண்டு திரிகிற சாமான் இல்லை.

எல்லா நாட்டு வோல்ற்றளவுக்கும் செய்ய முடியும் எண்டு தெரிந்தும் ஒரு நாட்டுக்கு மட்டும் செய்கிற கொம்பனிகள், அதைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிசாகப் போடவேணும். இப்ப அது கைபிடியில், கறுப்பில் கறுப்பாக, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில் கிடக்கு. மச்சாளின்ரயில் '120 வோல்ற்' எண்டு இருந்ததை, கருகின பிறகு ஃபோன் லைற் அடித்துத்தான் கண்டுபிடித்தோம்.

பெரியப்பாவுக்கும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "இதை முதலே பாத்திருக்கலாமே" எண்டார். மச்சாள் பின்னலும் மல்லிகைப் பூவுமாகக் கலியாணத்துக்குப் போனாள். மாமி அடுத்த மாசம் எனக்கொரு டிரையர் அனுப்புறாவாம். லேபலைப் படமெடுத்து முதல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.