பின்வரிசை ஏன் மங்குகிறது?



உங்கள் வீட்டு அல்பத்தில் உள்ள கலியாணக் குழுப்படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். முன்வரிசைச் சிறார்களின் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக இருக்கும். பின்வரிசையில் நிற்கும் உம்மம்மாவின் முகமோ புகை படிந்ததுபோல் மங்கியிருக்கும். எடுத்தவரின் கை அசைந்ததா? அப்படியானால் எல்லோருமே மங்கியிருப்பார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம், கமராவின் வில்லைக்குள் ஒளியை உள்ளே விடும் துவாரம்தான். அதை அப்பர்ச்சர் என்பர்.

வெயிலில் நமது கண்மணி சுருங்குகிறது, இருட்டில் விரிகிறது. அதுபோலவே இத்துவாரத்தையும் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம். சிறிதானால் என்ன நடக்கும்? தூரப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு, தடித்த மட்டையில் ஊசியால் துளையிட்டு, அதைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்த இலக்கங்கள் துலங்கும். ஆனால் சற்று இருண்டு தெரியும். தெளிவு கூடும்போது வெளிச்சம் குறைகிறது. விடயம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, பின்னர் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், சூரிய கிரகணத்தின் ஒளி ஒரு துளையினூடாக விழுவதை ஆராய்ந்தார். துளை சிறிதாயின் பிறை வடிவம் தெரிந்தது, பெரிதாயின் வட்டமாகிவிட்டது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் துளையின் அளவுக்கேற்ற ஒரு பொட்டாக விழுகிறது. பெரிய பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவத்தைக் கலைத்துவிடுகின்றன.

கமராவிலும் இதே கதைதான். போகஸ் செய்த தூரத்தில் நிற்பவர் கூர்மையாகப் பதிவார். அவருக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களின் ஒளி பொட்டுகளாக விழும். துவாரம் பெரிதானால் பொட்டும் பெரிது, முகம் மங்கும்.

துவாரத்தின் அளவை 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற எண்களால் குறிப்பர். எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 35 மில்லிமீற்றர் பிலிம் கமராவில், 50 மில்லிமீற்றர் வில்லையால் 3 மீற்றர் தூரத்தில் போகஸ் செய்வதாகக் கொள்வோம். எண் 2இல் முன்பின்னாக ஏறத்தாழ 40 சென்றிமீற்றர் தூரமே தெளிவாக இருக்கும். அதற்குள் ஒரு வரிசைதான் அடங்கும். எண் 8இல் அது ஏறத்தாழ 2 மீற்றராகும். மூன்று வரிசையும் அடங்கிவிடும். ஆனால் ஒளி 16 மடங்கு குறைந்துவிடும். ஆகவே குழுப்படத்தை இருண்ட மண்டபத்துக்குள் எடுக்காமல் வெளிச்சமான வராந்தாவுக்கோ முற்றத்துக்கோ வரச் சொல்லுங்கள். வரிசைகள் நெருங்கி நிற்கட்டும். போகஸ் நடுவரிசையில் இருக்கட்டும். தனியே மணப்பெண்ணை எடுக்கும்போது மட்டும் துவாரத்தைப் பெரிதாக்கலாம். பின்னாலுள்ள கதிரைகளும் ஆட்களும் மங்கி, முகம் எடுப்பாகத் தெரியும்.

கைத்தொலைபேசி கமராவின் வில்லை மிகச் சிறியது. அதனால் பொதுவாக எல்லா வரிசையும் தெளிவாகவே விழும். ஆனால் 'போர்ட்ரெயிட்' முறையில் பின்னணி மங்குவது பெரும்பாலும் கணக்கிட்டுச் செய்யப்படும் வேலை. அது சிலவேளை முக்காட்டின் ஓரத்தைக் கரைத்துவிடும். பின்வரிசையில் நிற்பவரையும் பின்னணியாக எண்ணி மங்கச் செய்துவிடும். குழுப்படம் எடுக்கையில் அதை நிறுத்திவிடுங்கள்.

படம் எடுத்ததும் எல்லோரையும் கலைந்துபோக விடாதீர்கள். திரையில் பெருப்பித்து, முதலில் பின்வரிசையைப் பாருங்கள். மூத்தவர்கள் அநேகமாக அங்கேதான் ஒதுங்கி நிற்பார்கள். அடுத்த கலியாணத்தில் அவர்கள் எல்லோரும் நம்மோடு இருப்பார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?