பழைய டெலிவிஷனும் பிரம்மாவின் பகலும்

"அந்தக் காலத்து டெலிவிஷன் போல இனி வருமா?" என்று பெருமூச்சு விடுகிற கூட்டம் ஒன்று இப்பொழுது ஊருக்கு ஊர் கிளம்பியிருக்கின்றது. முன்பெல்லாம் கிரேதாயுகத்தைப் பற்றித்தான் இப்படிப் பெருமூச்சு விடுவார்கள். அந்த யுகத்தைப் பார்த்தவன் எவனும் இல்லையாதலால் என்ன சொன்னாலும் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. இப்பொழுதோ நாற்பது வருஷத்துக்கு முந்தியதே கிரேதாயுகமாகிவிட்டது. தெருவுக்கு ஒரே பெட்டியாம், கூரைமேல் ஏரியலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே ஒரு குடும்பம் போல் கூடி உட்கார்ந்து பார்த்ததாம்!

ஊரே கூடி உட்கார்ந்ததா? நாமும் அந்தக் காலத்தில் சிறு பிள்ளையாய் இருந்தவர்தான். உள்ளே பாயில் உட்கார்ந்தவர்கள் சிலர்; வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பலர். உள்ளே இடமில்லாமல் நாம் வெளியே நிற்கவில்லை. இடமிருந்தது, நம் தெருப் பிள்ளைகளுக்கு இல்லை, அவ்வளவுதான். ஆகவே பாயில் உட்கார்ந்து பார்த்தவர் பெருமூச்சு விட்டால் அதற்கு அர்த்தமுண்டு. கம்பியைப் பிடித்து நின்றவனும் சேர்ந்து பெருமூச்சு விடுவதுதான் நமக்கு விளங்கவில்லை.

இதனால் பழைய டெலிவிஷனில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பழையது என்பதற்காக ஒன்று நல்லதாகிவிடாது என்பது போலவே, பழையது என்பதற்காகக் கெட்டதாகியும் விடாது. 1987-ம் வருஷம் தொடங்கிய ராமாயணத் தொடருக்காகப் பெட்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினவர்கள் இந்த தேசத்தில் இருந்தார்கள். அதே தொடரை 2020-ல் ஊரடங்குச் சமயத்தில் மறுபடியும் போட்டபோது, போன காலம் திரும்பி வந்துவிட்டதாக ஆனந்தப்பட்டவர்களும் இருந்தார்கள். அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நாம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய பழைய தொடர் வேறொன்று இருக்கின்றது.

அது 1980-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி அமெரிக்காவின் பொது டெலிவிஷனில் தொடங்கிப் பதின்மூன்று பாகமாய் வந்த "காஸ்மாஸ்" என்பதாகும். அதை நடத்தியவர் கார்ல் சேகன் என்னும் வான நூல் பேராசிரியர். அவருடன் ஆன் டிரூயன், ஸ்டீவன் சோட்டர் என்ற இருவர் சேர்ந்து எழுதினார்கள். சேகன் பெரிய சீமான் வீட்டுப் பிள்ளையல்ல. பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் குடியேறித் துணி தைக்கும் தொழிலில் இருந்த ஒருவருடைய மகன்.

அந்தத் தொடரின் பெருமை எதில் இருக்கின்றது? வர்ணப் படங்களிலா? சங்கீதத்திலா? இல்லை. முதல் பாகத்திலேயே அவர் ஒரு காரியம் செய்து காட்டினார். சுமார் 2,200 வருஷங்களுக்கு முன் எகிப்து தேசத்து அலெக்சாண்டிரியா பட்டணத்தில் எரட்டோஸ்தனீஸ் என்று ஒருவர் இருந்தார். தெற்கே சையீன் என்ற ஊரில், வருஷத்திலேயே பகல் அதிகமான நாளன்று உச்சிவேளையில் கம்புக்கு நிழல் விழுவதில்லை என்று அவர் அறிந்தார். அதே நாளில் அதே வேளையில் அலெக்சாண்டிரியாவில் கம்புக்கு நிழல் விழுந்தது. பூமி தட்டையானால் இரண்டு ஊரிலும் நிழல் ஒரே மாதிரியல்லவா இருக்க வேண்டும்? நிழலின் சாய்வு சுமார் 7 பாகை, அதாவது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர். அதை ஐம்பதால் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு அதுதான்!

இதற்கு ஞான திருஷ்டி வேண்டியிருந்ததா? தவம் வேண்டியிருந்ததா? ஒரு கம்பு, ஒரு நிழல், கொஞ்சம் கணக்கு, இவ்வளவே வேண்டியிருந்தது. சேகன் ஓர் அட்டையை வளைத்துப் பிடித்து, அதில் நட்ட சிறு கம்பங்களின் நிழலைக் காட்டி, பள்ளிக்கூடமே போகாதவனுக்கும் விளங்கும்படி செய்தார். நம்மூரிலும் இதைச் செய்யலாம். கன்னியாகுமரியில் ஒருவர், சென்னையில் ஒருவர், மார்கழி மாதத்தில் ஒரே நாளில், அவரவர் ஊரில் நிழல் மிகக் குறுகுகிற நேரத்தில், நேராக நட்ட கம்பின் நிழலை அளந்து பார்க்கட்டும். சாய்வில் சுமார் 5 பாகை வித்தியாசம் இருக்கும். வடக்கு தெற்காக இரண்டு ஊருக்கும் தூரம் சுமார் 555 கிலோமீட்டர். வட்டத்தில் 72 ஐந்துகள் உண்டு. பெருக்கிப் பார்த்தால் அதே 40,000 வரும். பிராமணன் அளந்தாலும் பறையன் அளந்தாலும், ஆண் அளந்தாலும் பெண் அளந்தாலும் நிழல் ஒரே கணக்கைத்தான் சொல்லும். நிழலுக்கு ஜாதி தெரியாது.

நிற்க. இந்தத் தொடரின் பத்தாவது பாகத்துக்காக நம் தமிழ்நாட்டிலேயே வந்து படம் பிடித்தார்கள். நம் பொங்கல் பண்டிகையும் அதில் வருகின்றது; சோழர் காலத்து நடராஜர் விக்கிரகமும் வருகின்றது. இந்த ஒரு துண்டைத்தான் இப்பொழுது சிலர் வெட்டி எடுத்து, செல்போனுக்குச் செல்போன் அனுப்பி, "பார்த்தீர்களா, வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான்! பிரபஞ்சத்தின் வயது நம் ரிஷிகளுக்கு அப்பொழுதே தெரியும்!" என்று குதிக்கிறார்கள்.

சேகன் சொன்னதுதான் என்ன? பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி வருஷம் என்று இந்து மத நூல்கள் சொல்லுகின்றன என்றார். இவ்வளவு பெரிய காலக் கணக்கு மற்ற பெரிய மதங்களில் இல்லை என்றார். அது இக்கால வான நூலின் கணக்கோடு ஒத்திருப்பது தற்செயல்தான், அதில் சந்தேகமில்லை என்றும் கூடவே சொன்னார். இந்தக் கனவான்கள் "ஒத்திருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு, "தற்செயல்தான்" என்பதைக் கத்தரித்துவிட்டார்கள். துணிக்கடையில் இப்படி வெட்டினால் திருட்டு என்பார்கள். மத விஷயத்தில் வெட்டினால் மட்டும் அது திருப்பணியாகிவிடுமா?

ஒத்திருக்கிறது என்பதைத்தான் கொஞ்சம் பார்ப்போமே. இன்று அளந்து கண்டபடி பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி வருஷம். பூமியின் வயது சுமார் 454 கோடி வருஷம். பிரம்மாவின் கணக்கு 864 கோடி. இதில் எது எதோடு ஒத்தது? பகலை மட்டும் எடுத்தால் 432 கோடி ஆகிறது, அது பூமிக்குக் கிட்ட வருகிறதே என்பார்கள். பூமிக்குப் பகல் மட்டும், பிரபஞ்சத்துக்குப் பகலும் இரவும் என்று இஷ்டம் போல் எடுத்துக்கொள்வதானால், எந்த எண்ணைத்தான் எதோடு பொருத்த முடியாது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் பழமொழி. பழம் விழுந்ததற்காகக் காக்கைக்குக் கோயில் கட்டுவதா?

அந்த 432 கோடியை எதை வைத்து அளந்தார்கள் என்று எந்தப் புராணமாவது சொல்லுகிறதா? பூமியின் வயதைக் கண்டவர்களோ, எப்படிக் கண்டோம் என்பதைச் சொல்லியிருக்கிறார்கள். யுரேனியம் என்னும் உலோகம் ஒரு குறித்த வேகத்தில் மாறி மாறிக் கடைசியில் ஈயமாகின்றது. வானத்திலிருந்து விழுந்த கல்லிலும் பூமியிலும் உள்ள ஈயத்தைப் பல வருஷம் அளந்து, 1956-ல் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 455 கோடி வருஷம் என்று கணக்குக் கொடுத்தார். அதிலும் ஏழு கோடி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சேர்த்தே எழுதினார். தன் கணக்கில் எவ்வளவு தவறு இருக்கலாம் என்பதைத் தானே சொல்லுகிறவனை நம்பலாமா, கேள்வி கேட்டாலே பாவம் என்கிறவனை நம்பலாமா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். மேலும், பிரம்மாவின் கணக்குச் சரியென்றால், பூமியை ஆதிசேஷன் தாங்குவதும் ராகு சூரியனை விழுங்குவதும் என்னவாயிற்று? அவற்றுக்கு மட்டும் வெள்ளைக்காரன் சாட்சி வேண்டாமா?

இன்னொரு சங்கதியும் இருக்கின்றது. பிரபஞ்சம் விரிந்து, பிறகு சுருங்கி, மறுபடி விரிந்து இப்படியே மாறி மாறி நடக்குமோ என்ற கேள்வியையும் சேகன் அந்தப் பாகத்தில் எழுப்பினார். நம் சநாதனிகளுக்கு மிகவும் இனித்தது இதுதான். ஆனால் அவர் அதை முடிவாகச் சொல்லவில்லை. அளந்து பார்த்துத்தான் தீர்க்க வேண்டும் என்று விட்டார். அவர் 1996-ல் காலமானார். 1998-ல் இரண்டு விஞ்ஞானக் கூட்டத்தார், வெகு தூரத்தில் வெடித்த நட்சத்திரங்களின் ஒளியை அளந்து பார்த்தபோது, விரிவது தளரவில்லை, இன்னும் வேகப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்று கண்டார்கள். அதற்கு 2011-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, இவர்கள் செல்போனில் கொண்டாடுகிற காட்சிக்கு எதிராகவே பிந்திய சாட்சியம் வந்து நிற்கின்றது. இது சேகனுக்கு அவமானமா? ஒருநாளும் இல்லை. தொடர் வந்த 1980-ல் சூரியனைத் தவிர மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகம் ஒன்றுகூட உறுதியாய்த் தெரியாது. இன்று 6,000-க்கு மேல் கண்டுபிடித்தாகிவிட்டது. பழையதாகிப் போகச் சம்மதிப்பதுதான் அறிவு. எக்காலத்துக்கும் பழையதாக மாட்டேன் என்று அடம் பிடிப்பதுதான் புராணம். ஆகவே சேகனையும் ஒரு ரிஷியாக்கி, காஸ்மாஸையும் ஒரு புராணமாக்கி, அதற்கும் பெருமூச்சு விட வேண்டியதில்லை.

அந்தத் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, 1980 நவம்பர் 12-ந் தேதி, வாயேஜர் 1 என்ற ஆளில்லாக் கப்பல் சனிக்கிரகத்தின் பக்கமாய்ப் போய்ப் படமெடுத்து அனுப்பிற்று. சனியைச் சுற்றியுள்ள வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். அந்தச் சனிக்கு நம்மூர்ப் பெண்ணின் கல்யாணத்தைத் தடுக்க வேண்டிய வேலை என்ன இருக்கின்றது? அது சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்குச் சுமார் இரண்டரை வருஷம். சனிப்பெயர்ச்சி என்பது இந்த வகுத்தல் கணக்கேயல்லாமல் வேறில்லை. இதற்கு எண்ணெய் எதற்கு, எள் எதற்கு, உண்டியல் எதற்கு?

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஒரு செயற்கைக் கோளை இரவல் வாங்கி, இந்தியாவில் ஆறு மாகாணங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டினார்கள். எதற்காக? விவசாயம், சுகாதாரம், படிப்பு இவற்றைக் கிராமத்தானுக்குச் சொல்லுவதற்காக. இன்று அதே விதமாய், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சமமாய்ச் சுற்றும் கோள்களின் வழியாக, விடிந்ததும் விடியாததுமாய் நம் வீட்டுக்கு வருவது என்ன? ராசிபலன்! அந்தக் கோளை மேலே அனுப்பக் கணக்குப் போட்டவர்கள் நியூட்டன் கண்ட விதியைப் பார்த்தார்களே தவிர, சோதிடனின் கட்டத்தைப் பார்க்கவில்லை. சோதிடனோ அதே கோளின் முதுகில் ஏறி வந்து, கோள்களுக்குப் பரிகாரம் சொல்லுகிறான்.

"நீங்கள் மட்டும் வானத்தைப் பார்த்து ஆச்சரியப்படவில்லையா? அதுவும் ஒரு பக்திதானே?" என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். ஆச்சரியம் வேறு, பக்தி வேறு. பக்தி கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும். ஆச்சரியம் கண்ணை இன்னும் அகலத் திறக்கச் சொல்லும். பக்தன் குனிவான், ஆச்சரியப்படுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். பக்தனுக்குப் பதில் முன்பே தெரியும். மற்றவனுக்குக் கேள்விதான் தெரியும்.

கடைசியாக ஒன்று. 1990 பிப்ரவரி 14-ந் தேதி, அதே வாயேஜர் 1 சுமார் 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து திரும்பி நம் பூமியைப் படமெடுத்தது. அப்படி எடுக்க வேண்டுமென்று யோசனை சொன்னவர் சேகன். அந்தப் படத்தில் பூமி ஒரு தூசிக்கும் சிறியதாய், மங்கலான ஒரு நீலப் புள்ளியாய் இருக்கின்றது. தோழர்களே, அந்தப் புள்ளியில் அக்கிரகாரம் எங்கே, சேரி எங்கே என்று தேடிப் பாருங்கள். எந்தக் கிணறு யாருக்கு என்று தேடிப் பாருங்கள். பாயில் உட்கார்ந்த பிள்ளை எது, ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளை எது என்று தேடிப் பாருங்கள்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். பழைய தொடரை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. காட்டி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு கம்பை நட்டு நிழலை அளக்கச் சொல்லுங்கள். இருட்டினதும் வெளியே கூட்டிப்போய் வானத்தைக் காட்டுங்கள். எவர் எதைச் சொன்னாலும், தகப்பன் சொன்னாலும், வாத்தியார் சொன்னாலும், சேகனே சொன்னாலும், இந்தப் பத்திரிகையே எழுதினாலும், "உனக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழக்குங்கள். கேட்டதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். தெருவில் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளை என்று பாராமல், எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு ஒரே பாயில் உட்கார வைத்துக் காட்டுங்கள். அந்தக் காலத்தில் நடக்காதது அது ஒன்றுதான். இந்தக் காலத்தில் நடக்க வேண்டியதும் அதுதான்.