ஊசி தவறிய இடம்

அல்ட்ராசவுண்டு திரையில் ஊசி முனையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்துகிற வைத்தியர் குறி தவறுவார் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நெதர்லாந்தின் நைமேகன் நகரில், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கண்ட எட்டுப் பேருக்கு, அவரவர் சரீரத்திலிருந்தே எடுத்துப் பக்குவப்படுத்திய டென்ட்ரிடிக் என்னும் நோயெதிர்ப்பு உயிரணுக்களை நிணநீர்க் கணுவுக்குள் செலுத்தி, அதன் விவரத்தை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், நான்கு பேர் விஷயத்தில் அணுக்கள் கணுவுக்குள் சரியாகச் சேரவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதினார்கள்.

அணுக்களில் ஒரு பகுதிக்குக் கதிரியக்க அடையாளமும் இட்டிருந்தார்கள். அதைக்கொண்டு எடுத்த படமோ, இன்ன வட்டாரத்தில் இருக்கின்றன என்று சொல்வதோடு நின்றுவிட்டது. தவற்றைக் காட்டிக்கொடுத்தது இரும்பு. ஆய்வுக்கூடத்தில் இரும்பு ஆக்ஸைடின் அதிநுண்ணிய துகள்களை விழுங்கிய உயிரணு எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் வந்ததும், தன்னைச் சுற்றியுள்ள நீரின் சமிக்ஞையைக் குலைத்து, படத்தில் ஒரு கறுப்பு நிழலாய் விழுகிறது. அதற்கு ஓர் அணு சுமக்க வேண்டிய இரும்பு, ஒரு கிராமின் லட்சங்கோடியில் பத்து இருபது பங்கு என்றால், அதன் சூக்ஷ்மம் விளங்கும்.

இதைச் சர்வரோக நிவாரணி போலப் புகழ நான் வரவில்லை. அணு இரண்டாய், நான்காய்ப் பெருகும்போது இரும்பும் பங்கு பிரிந்து நிழல் வெளிறிவிடும். செத்துப்போன அணுவின் இரும்பை வேறோர் அணு விழுங்கிக்கொண்டால், பிணம் இருந்த இடத்திலும் உயிர் இருப்பதுபோல நிழல் தெரியும். ஆனாலும், உயிரணு சிகிச்சை பலிக்கவில்லை என்று ஒருவர் கைவிடுமுன், மருந்து தோற்றதா, ஊசி தோற்றதா என்று கேட்பதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

விசனம் என்னவென்றால், கல்லீரலைப் படமெடுப்பதற்காக 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இந்த ஆராய்ச்சிகளுக்கும் கைகொடுத்து வந்த ஃபெரிடெக்ஸ் என்னும் இரும்புத் துகள் மருந்து, போதிய வியாபாரம் இல்லாமையால் உற்பத்தியே நின்றுபோனதுதான். உயிரணு சிகிச்சைக்கு வாரி வழங்கும் அரசாங்கங்கள், கடைச்சரக்காய் விலைபோகாத இந்த அடையாளத் துகளையும் தம் செலவிலேயே தயாரித்துத் தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதுவரையில் ஆராய்ச்சியாளர்கள், சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கென்று 2009-இல் அனுமதிக்கப்பட்ட ஃபெருமாக்ஸிடால் என்னும் இரும்பு மருந்தை, ஹெபாரினோடும் புரோட்டமினோடும் கலந்து, உயிரணுக்களுக்கு ஊட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.