தொப்புள்கொடி அறுத்த கை

எங்க ஆயா எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தினாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. கணக்கு எழுத அவளிடம் பதிவேடு இல்லை. சேரியில் பிறந்தது பாதி, ஊர்த்தெருவில் பிறந்தது பாதி. நடு ராத்திரியில் லாந்தரோடு ஆள் வரும். “ஏ கெழவி, வலி எடுத்துருச்சி, வாடி” என்பான் பேரன் வயசுப் பையன். அன்றைக்கு மட்டும் அவளுக்கு அந்த வீட்டுக்குள் வழி உண்டு, அதுவும் கொல்லைப்புறமாக. கொடியறுத்து, இளங்கொடியைப் புதைத்து, ரத்தத் துணியை அலசிப் போட்டுவிட்டு அவள் வெளியேறியதும், நடந்த தடத்தில் சாணித் தண்ணி தெளிப்பார்கள். கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு பழம்புடவை. அவள் கையில் பிறந்த பிள்ளையே வளர்ந்து அவளை “அடியே” என்று கூப்பிட்டது.

அன்றைக்கு அந்தக் கை தீட்டு. இன்றைக்கு அந்த வேலை, நர்சுப் படிப்புக்கு மேலே படிக்க வேண்டிய உயர்படிப்பு.

2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் மகப்பேற்றுச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற நர்சுகள் 18 மாதம் பயிற்சி எடுத்தால் ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி’ ஆகலாம். சிக்கலில்லாத பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிப்ளமோ முடித்த நர்சு ஏற்கெனவே நர்சு, மருத்துவச்சி என்று இரண்டு பேரில்தான் கவுன்சிலில் பதிவாகிறாள். இரண்டாவது பேர் காகிதத்தோடு சரி. சர்வதேச அளவில் மிட்வைஃபுக்கு வகுத்த தகுதியை அந்தப் படிப்பு தரவில்லை என்று அரசே ஒத்துக்கொண்டதன் அடையாளம்தான் இந்த 18 மாதம். எம்.எஸ்ஸி. நர்சிங்கில் மகப்பேற்றுப் பிரிவு இரண்டு வருஷம் இருக்கிறது. படித்தவர்களில் பெரும்பாலோர் வாத்தியார் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ‘பாட்டி வைத்தியம்’ என்று பழம்பெருமை பாடுகிறவர்களோடு சேர்ந்து கும்மியடிக்கவும் எனக்கு மனசில்லை. ஆயா கையில் தாய்கள் செத்தும் இருக்கிறார்கள். ரத்தம் நிற்காமல் போனால் அவளிடம் ஊசியில்லை, வண்டியில்லை. எங்க பெரியம்மா அப்படித்தான் போனாள். பெத்த மகளைக் காப்பாற்ற முடியாத தன் கையைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள் ஆயா. ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தான்.

கேட்டது கிடைத்தது. தமிழ்நாட்டில் இன்று பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில். ஆனால் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8. 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985லேயே சொன்னது. காத்திருக்கத் தெரிந்த கை பிரசவ அறையில் இல்லை என்பதுதான் இதற்குள்ள காரணங்களில் ஒன்று. ஆகவே இந்தப் படிப்பு வேண்டும். யாருக்கு வேண்டும், யார் உள்ளே போவார்கள் என்பதே என் கேள்வி.

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம். 1885இல் டஃபரின் சீமாட்டி நிதி, 1903இல் விக்டோரியா நினைவு நிதி: நாட்டு மருத்துவச்சியைத் திருத்த வந்தவை. 1926இல் சென்னை மாகாணத்தில் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது; பதிவேடு திறந்தது. எழுத்து சேரிக்கு வராத காலத்தில் அந்தப் பதிவேட்டில் யார் பேர் ஏறியிருக்கும்? 1927இல் காதரின் மேயோ தன் ‘மதர் இந்தியா’வில் மருத்துவச்சியின் அழுக்குக் கையை உலகத்துக்கே காட்டினாள். அந்த வேலையைப் பல ஊர்களில் நாவிதர் வீட்டுப் பெண்கள் தலையிலும் எங்கள் பக்கம் பறத்தெருப் பெண்கள் தலையிலும் கட்டியது எது என்று இவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? தீட்டை அவள் தலையில் ஏற்றியது சாதி. அழுக்கை அவள் கையில் மட்டும் கண்டது மருத்துவம். புதுச்சேரிப் பக்கத்துப் பறத்தெரு வீரம்மா, கூலி வேலை செய்தவர், பாட்டுக்காரி, பிரசவம் பார்த்தவர். அவர் சொன்ன வாழ்க்கைக் கதை 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமானது. நம் பெண்களுடைய அறிவு ஏட்டில் ஏற அவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருந்தது.

வலி எடுத்தவளை நடக்க விடு, குந்த விடு, பக்கத்தில் ஒரு துணை இருக்கட்டும், அவசரப்பட்டுக் கத்தரிக்கோலை எடுக்காதே. மிட்வைஃபரி இன்று கற்பிக்கிற பாடம் இது. ஆயா முதுகைத் தடவிக்கொண்டே செய்ததும் இதுதான். இதற்காக அவளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. நன்றி என்பது இன்னொரு பழம்புடவை.

என் சித்தி பொண்ணு நர்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை. 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தை எதிர்த்து 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னையில் உட்கார்ந்தார்களே, அவர்களுக்குப் பின்னால் வந்தவள். இந்தப் படிப்பைப் பற்றி விசாரித்த இடத்தில் “பெர்மனன்ட் ஆயிட்டு வாம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். “பதினெட்டு மாசம் சம்பளம் இல்லாம இருந்தா லோன யாருக்கா கட்டுறது?” என்கிறாள். பிரசவம் பார்ப்பது அவள்; கேஸ் ஷீட்டில் பேர் வேறொருவருக்கு. தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே “நீ எந்தத் தெரு?” என்று கேட்கிற மாமியார்களும் இருக்கிறார்கள். நச்சுக்கொடி வாளியைத் தூக்கிப் போகிறவள் எங்க காலனி அத்தை. ஆஸ்பத்திரியில் அவளுக்கும் ‘ஆயா’ என்றுதான் பேர். ஒரு கிழவி செய்த வேலையை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: பேர் டாக்டருக்கு, பாடு நர்சுக்கு, வாளி நமக்கு.

மருத்துவக் கல்லூரி இடத்துக்குத் தெருவில் இறங்குகிற தோழர்கள், மாணவர்கள், இந்த 18 மாதத்தைப் பற்றியும் வாயைத் திறக்க வேண்டும். 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்றுச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். பிள்ளை பெறுகிறவளுக்குக் கூலி கேட்டார் அவர். பிள்ளையை ஏந்துகிறவளுக்கு நாம் கேட்போம். 1947ஆம் வருஷத்து நர்சிங் கவுன்சில் சட்டத்தை மாற்ற 2023இல் தேசிய செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பேரிலேயே மருத்துவச்சி ஏறிவிட்டாள். அவள் பேத்தி வகுப்பறையில் ஏற வேண்டாமா? பயிற்சி இடத்திலும் பயிற்றுநர் பதவியிலும் இடஒதுக்கீடு வேண்டும். ஒப்பந்த நர்சுக்கும் படிக்கிற காலம் முழுக்கச் சம்பளம் வேண்டும். முடித்து வருகிறவளுக்குத் தனிப் பதவியும் கையெழுத்துப் போடும் அதிகாரமும் வேண்டும். வாளி தூக்குகிற வேலை ஒரே தெருவிலிருந்து ஆளெடுப்பது நிற்க வேண்டும்.

“தகுதி, திறமை” என்று உடனே குரல் வரும். எங்க ஆயா கையில் பிறந்தபோது அவர்கள் யாரும் தகுதி கேட்கவில்லை.

குலத்தொழிலுக்குத் திரும்பச் சொல்கிறாயா என்று நம்மவர்களே கேட்கக்கூடும். ஆயா அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை, மறுத்திருந்தால் அடி. தங்கச்சி தேர்ந்தெடுக்கிறாள்; குறுக்கே நிற்பது 18 மாதச் சம்பளம். முதலில் அதைப் பேசுவோம்.