குந்தவைக்கு யார் தைத்தது?

கல்யாணக் காலம் தொடங்கிவிட்டது. போன கிழமை எங்கள் உன்னிச்சையில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணைக் கூட்டிவந்து மணவறையில் இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெத்தா காதருகே குனிந்து கேட்டா: "இது ஆரு மனே, நம்மட புள்ளதானா?"

"நம்மட புள்ளதான் பெத்தா. குந்தவை மேக்கப்."

"அது ஆரு குந்தவை?"

"ராசராச சோழன்ட அக்கா."

"அவ எதுக்கு இஞ்ச வந்தவ?"

நியாயமான கேள்வி. குளத்துக் காற்றுக்கூட அசையாத வெயிலில், தலையில் ஒரு கோபுரக் கொண்டை, அதைச் சுற்றிக் கல் வைத்த நகை, நெற்றியில் விழும் சுட்டி, தோளில் வங்கி. பிள்ளை தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தாள். மேக்கப் போட்ட பெண்ணில் பிழை இல்லை. அவள் படத்தைப் பார்த்துச் செய்தாள். படம் எடுத்தவர்கள் எதைப் பார்த்துச் செய்தார்கள் என்பதுதான் என் வழக்கு.

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30இல் வந்தது. ஏகா லகானியின் ஆடைகளையும், ஐதராபாத் கிஷன்தாஸ் கடையார் செய்த நகைகளையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒருத்தியை ஒருத்தி அளக்கும் காட்சியில் நான் வசனத்தை விட்டுவிட்டு நகையைத்தான் பார்த்தேன். ஆனால் அது 2022இன் அழகு. கல்கி 1950இல் இந்தக் கதையைத் தொடராக எழுதத் தொடங்கியபோது மணியம் வரைந்த பெண்கள் அந்தக் காலத்தின் அழகு. நடுவில் வெல்வெட்டு வந்தது.

வெல்வெட்டு! நான் சிவாஜி ரசிகன். 1964 பொங்கலுக்கு வந்த 'கர்ணன்' படத்தை இன்றைக்குப் போட்டாலும் வயலை விட்டுவிட்டு வருவேன். ஆனால் தேவிகாவும் சாவித்திரியும் போட்டிருக்கும் ரவிக்கையைப் பாருங்கள். கையின் அளவைப் பார்த்தே படம் எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம். அரசர்களுக்கோ வெல்வெட்டும் சரிகையும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல் வந்தது. அதிலும் அகலத் திரை முழுக்கச் சரிகை மினுங்கியது. தஞ்சாவூர் வெயிலில் எந்தச் சோழன் அப்படி உடுத்தினான்? அதைப் பார்சி நாடக மேடையிடம் கேட்க வேண்டும், கல்வெட்டிடம் அல்ல.

சரி, சினிமாவை இங்கே விடுகிறேன். என் மனசில் கிடப்பது வேறொருத்தி.

எங்கள் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவில் எங்கோ கிடைத்தவள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாரா தேவி. மகாயான பௌத்தர்களின் தெய்வம். 8ஆம் நூற்றாண்டையொட்டி வார்த்தது. உள்ளே கூடில்லாமல் முழு வெண்கலம், மேலே பொன் முலாம். 143 சென்ரிமீற்றர் உயரம். அதாவது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையின் உயரம். பிரிட்டிஷ் தேசாதிபதியாக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் அவளை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். கொடுத்தது அவர், அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் கதை நீளும்.

அவளுடைய உடுப்பைச் சொல்கிறேன். மேலே ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே இறுக்கிக் கட்டிய மெல்லிய துணி, காலோடு ஒட்டிக் கணுக்கால் வரை இறங்குகிறது. சதையில் துணி எங்கே முடிகிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். தலையில் உயர்ந்த மகுடம். வலக்கை வரம் கொடுக்கிறது. இடக்கையில் ஒரு தாமரை இருந்திருக்கும் என்கிறார்கள், இப்போது வெறுங்கை. குந்தவை மேக்கப்புக்கு வேண்டிய பெட்டி நகையில் பாதிகூட இவளுக்குத் தேவைப்படவில்லை.

இவளை இங்கிலாந்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏறத்தாழ 30 வருடம் உள்ளறையில் பூட்டி வைத்தார்கள். பொதுசனம் பார்த்தால் கெட்டுவிடும் என்ற பயம். ஆராய்ச்சியாளர் மட்டும் பார்க்கலாம். கும்பிட வார்த்த உடம்பைப் பார்த்து வெட்கப்பட்டார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் பெரிய உரிமை இல்லை. எந்தக் கோயிலிலாவது எழுந்தருளி அம்மனின் இடுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டு, அதன்மேல் பூமாலை, அதன்மேல் இன்னொரு பட்டு. ஸ்தபதி மெழுகில் நகத்தளவு கோடு கோடாக இழைத்த சேலையை நாம் கடைச் சேலையால் மூடிவிட்டோம். அதைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பு மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். பொலனறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் சிவ தேவாலயத்தில் தோண்டி எடுத்த வெண்கலங்கள் அங்கே நிற்கின்றன. சோழர் ஜனநாதமங்கலம் என்று அழைத்து, 1070இல் விஜயபாகு விரட்டும் வரை ஆண்ட ஊர் அது. எங்களுக்குத் தஞ்சாவூர் தூரம், பொலனறுவை பக்கத்து ஊர். அந்த மரபில் வந்த பார்வதியை முன்னால் நின்று கும்பிட்டது போதும், பின்னால் போய்ப் பாருங்கள். தலையின் பிற்பக்கம் சின்னத் தேர்ச்சில்லு மாதிரி ஒன்று: சிரச்சக்கரம். அதற்குக் கீழே சுருள்முடி தோளில் விழும். இத்தனை சரித்திரப் படம் பார்த்தேன். அந்தச் சக்கரத்தை வைத்த ஒரு கதாநாயகியைக்கூட நான் காணவில்லை.

தெய்வத்துக்கு வார்த்ததை மனுசப் பெண் உடுத்தியிருப்பாளா என்று கேட்பீர்கள். அப்படியே உடுத்தியிருக்க மாட்டாள். சிகிரியா ஓவியத்திலேயே சிலர் மேலாடை இல்லாமலும், சிலர் கண்ணாடி மாதிரி மெல்லிய மேலாடையோடும் நிற்கிறார்கள். ஒரே சுவரில் இரண்டு வழக்கம். சினிமாவுக்கு மட்டும் ஏன் ஒரே ரவிக்கை?

இந்த விசயத்தில் எங்கள் வடமோடிக் கூத்துக்காரர் நேர்மையானவர்கள். கரப்புடுப்பு இடுப்பிலிருந்து அகல விரியும். மார்பில் பதக்கம், தோளில் புயக்கட்டை, தலையில் கெருடம். அந்தப் பாரத்தோடு விடிய விடிய வட்டக்களரியில் ஆட வேண்டும். அண்ணாவியாரிடம் போய் "அருச்சுனன் உண்மையில் இப்படியா உடுத்தினான்?" என்று கேட்டால் மத்தளத்தைக் கீழே வைக்காமலே சிரிப்பார். அது சரித்திரம் என்று அவர் சொல்லவே இல்லை; களரிக்கு ஏறும் உடுப்பு, அவ்வளவுதான். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டுபோனபோதும் கூத்து, சரித்திர வேசம் போடவில்லை. ஆராய்ச்சி செய்து எடுத்தோம் என்று விளம்பரம் செய்வது சினிமா மட்டும்தான்.

லண்டனில் பிள்ளைகள் இருக்கிற வாசகர்களிடம் ஓர் உதவி. மட்டக்களப்பில் அப்படி இல்லாத வீடு குறைவு. பிரிட்டிஷ் மியூசியத்தில் 33ஆம் மண்டபம், நுழைவுக்குக் காசில்லை. தாராவின் முன்பக்கப் படம் எல்லோரிடமும் இருக்கிறது, அது எனக்கு வேண்டாம். இயன்ற அளவு பின்னால் போய், அந்தத் துணி இடுப்பில் எப்படிச் சுற்றிக் கட்டியிருக்கிறது என்று தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் அடுத்த கிழமையே இங்கே போடுகிறேன்.