தீயணைப்புக் கருவியால் அணைக்கப்பட்ட விளக்கு... ஹனுக்கா பண்டிகையின் கதை என்ன?

2023 டிசம்பர் 12. போலந்து நாடாளுமன்றத்தில் ஏற்றி வைத்திருந்த யூதர்களின் விளக்கை, தீவிர வலதுசாரி எம்.பி. ஒருவர் தீயணைப்புக் கருவியை எடுத்து அடித்தே அணைத்தார். பெயர் கிஷெகோஷ் பிரவுன். அன்றே அவையில் இருந்து வெளியேற்றப்பட்டார். ஆனா, 2025 அதிபர் தேர்தலில் அதே நபர் 6 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி நாலாவது இடம் பிடித்தார்!

அந்த விளக்கில் அப்படி என்னதான் இருக்கு?

அது ஹனுக்கா விளக்கு. ஹீப்ரு மொழியில் ஹனுக்கா என்றால் 'அர்ப்பணிப்பு'. யூத நாள்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25-ம் தேதி தொடங்கி 8 நாள் கொண்டாட்டம். நம்ம காலண்டரில் தேதி மாறிட்டே இருக்கும். 2024-ல் கிறிஸ்துமஸ் அன்று மாலையே தொடங்கியது. அதுக்காக 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்று சொல்வது சரியில்லை. இது இயேசு பிறப்பதற்கு முன்பே வந்த பண்டிகை.

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், யூதேயாவை ஆண்ட கிரேக்க வம்ச மன்னர் நான்காம் அந்தியோக்கஸ், ஓய்வுநாளுக்கும் விருத்தசேதனத்துக்கும் தடை போட்டார். எருசலேம் கோயிலில் கிரேக்கக் கடவுள் வழிபாடும் புகுத்தப்பட்டது. மோதியின் என்ற ஊரின் குரு மத்தத்தியாவும் அவரது 5 மகன்களும் ஆயுதம் எடுத்தார்கள். அவர் முதலில் கொன்றவர்களில் ஒருவர், மன்னரின் ஆணைப்படி பலி கொடுக்க வந்த ஒரு யூதர். அதாவது இது அந்நியரை எதிர்த்த போர் மட்டுமல்ல, உள்ளுக்குள் நடந்த சண்டையும்கூட. கி.மு. 164-ல் மகன் யூதா மக்கபே தலைமையில் கோயிலைச் சுத்தப்படுத்தி மீண்டும் அர்ப்பணித்தார்கள்.

ஒரு நாளுக்கு மட்டுமே இருந்த எண்ணெய் 8 நாள் எரிந்த அதிசயம்தான் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆச்சரியம் என்னன்னா, போரை விவரிக்கும் மக்கபேயர் நூல்களில் அந்தக் கதையே இல்லை! போர்க்காலத்தில் தவறிப்போன 8 நாள் கூடாரத் திருவிழாவைப் போலக் கொண்டாடினார்கள் என்றுதான் இரண்டாம் நூல் சொல்கிறது. இந்த நூல்கள் யூதர்களின் வேதத்திலும் கிடையாது. தமிழ்க் கத்தோலிக்க விவிலியத்தைத் திறந்தால் படிக்கலாம். எண்ணெய் அதிசயம் வருவது, பல நூற்றாண்டு கழித்துத் தொகுக்கப்பட்ட தால்மூதில். ரோமர்களை எதிர்த்துத் தோற்று நொந்துபோன ரபிகள், வாளை விட விளக்கைப் பேசுவதே பாதுகாப்பு என நினைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

முதல் நாள் ஒரு சுடர், தினம் ஒன்று கூடி எட்டாம் நாள் எட்டு. மற்றதை ஏற்றுவதற்கென்று தனியாக ஒன்பதாவது. எண்ணெயை நினைவுபடுத்தத்தான் உருளைக்கிழங்கு அடையும், ஜாம் வைத்துப் பொரித்த டோனட்டும்.

விளக்கை வாசலிலோ ஜன்னலிலோ ஊர் பார்க்க வைக்கணும் என்பது விதி. ஆபத்து என்றால் வீட்டுக்குள் மேஜையில் வைத்தாலே போதும் என்று தால்மூதே விலக்கும் தருகிறது. 1931-ல் ஜெர்மனியின் கீல் நகரில், எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கொடி பறக்க, ஒரு ரபியின் வீட்டு ஜன்னலில் இந்த விளக்கு நின்றது. அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கு. காஸா போர் தொடங்கிய 2023-லும் அதே கேள்விதான். லண்டனின் ஹேவரிங் கவுன்சில், பதற்றத்தைக் காரணம் காட்டி டவுன் ஹால் வாசலில் விளக்கு வேண்டாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் முடிவை மாற்றிக்கொண்டது.